164 சரியா, 148 சரியா?

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒருவர், காலையில் வெறும் வயிற்றில் சுகர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலில் 164. சந்தேகப்பட்டு அடுத்த விரலில் குத்தினால் 148. மிஷின் கெட்டுவிட்டதா? இல்லை. உண்மையான அளவு 155 என்றால், இரண்டுமே ஏற்கத்தக்க எண்கள்தான்.

வீட்டு மிஷின்களுக்கான 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரவிதி, சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம்வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்கிறது. 100-க்குக் கீழே 15 புள்ளிகள். நூறு முறையில் 95 முறை இந்த எல்லைக்குள் வந்தால் போதும். 155 என்பது 132 ஆகவும் தெரியலாம், 178 ஆகவும் தெரியலாம்.

காரணம் ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. அதன் நுனியில் தடவிய நொதி, ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்த மெல்லிய மின்னோட்டத்தைத்தான் மிஷின் எண்ணாக மாற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைத் திறந்தே வைத்தால், ஈரம் பட்டு நொதி வீணாகிவிடும்.

பல ஸ்ட்ரிப்புகளுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம்கூடத் தேவையில்லை. அவ்வளவு சின்னத் துளியில், மாம்பழம் நறுக்கிய விரலின் பிசுபிசுப்பே எண்ணை எங்கோ ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டும்.

லேப் எண்ணோடு ஒப்பிடுவோரும் கவனிக்க வேண்டும். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுத்த ரத்தத்தைவிட அதிகம். உடலும் சும்மா இருப்பதில்லை: தூக்கம் கெட்டாலும், விடியலில் ஹார்மோன்கள் கல்லீரலை முடுக்கினாலும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு உண்டு. நான்கில் ஒருவருக்கு மேல். இத்தனை வீடுகளில் ஒற்றை எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து. தேதி, நேரம், சாப்பாடு, ஷிப்ட் எல்லாம் எழுதிய இரண்டு வார நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பது அதில்தான் தெரியும்.

எண் 70-க்குக் கீழே போனால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.