கட்டணத்தைச் சொல்வது அமானிதம். சரியாகச் சொல்வதும் அமானிதமே

நம் சேமிப்பை ஒரு நிதியத்திடம் ஒப்படைத்தால், அதிலிருந்து எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை அறிவது நம் உரிமை. நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். ஆனால் கணக்கை வெளியிட்டும் அது தவறான எண்ணத்தைத் தந்தால்? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம் இதைப் பற்றியதுதான்.

அங்கு சிறு, நடுத்தரத் தொழில்களுக்குப் பணம் கிடைக்கச் செய்ய 1980-ல் 'வணிக மேம்பாட்டு நிறுவனம்' என்ற அமைப்பைச் சட்டம் உருவாக்கியது. அதன் சொத்தில் குறைந்தது 70 சதவீதம் பெரும்பாலும் இத்தகைய நிறுவனங்களுக்கே செல்ல வேண்டும்.

2006-ல் பங்குச் சந்தை ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வேறொரு ஃபண்டில் முதலீடு செய்தால், அந்த ஃபண்டின் செலவையும் தன் செலவு விகிதத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும். வணிக மேம்பாட்டு நிறுவனங்களும் இதில் அடங்கின.

ஓர் உதாரணம்: ஒரு ஃபண்டின் சொந்தச் செலவு 0.10 சதவீதம். அது 100 டாலரில் 5 டாலரை இத்தகைய நிறுவனத்தில் போடுகிறது. அந்நிறுவனத்தின் செலவு 10 சதவீதம் என்றால், ஃபண்டின் செலவு 0.60 சதவீதம் என்று அச்சாகும். ஆனால் அச்செலவு ஏற்கெனவே அந்நிறுவனத்தின் லாபத்திலிருந்து கழிந்துவிட்டது. ஒரு வங்கியின் பங்கை வாங்கினால், அந்த வங்கியின் சம்பளச் செலவை இப்படி யாரும் சேர்ப்பதில்லை.

விளைவு? 2014-ல் எஸ் அண்ட் பி, ரஸ்ஸல் ஆகியவை தம் குறியீடுகளிலிருந்து இந்நிறுவனங்களை நீக்கின. குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளும் விலகின. சிறு தொழில்களுக்குச் செல்லும் பணத்தின் ஒரு வழி இதனால் குறுகிவிட்டது என்கிறார்கள் அத்துறையினர். இந்நிறுவனங்களின் நிர்வாகக் கட்டணம் அதிகம், அதை மக்கள் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு.

இந்நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் கடன் வட்டியே. எனவே அவற்றில் முதலீடு செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை 'ஹலால் கூட்டு' என்ற ஒரே சொல்லை நம்பிக் கொடுத்து இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கொடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பணம் எந்தத் தொழிலுக்குப் போகிறது? நடத்துபவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், அது லாபத்திலிருந்தா முதலிலிருந்தா? நஷ்டம் வந்தால் யார் சுமப்பது?

முளாரபாவில் லாபத்தின் பங்கு விகிதம் முன்பே பேசி முடிவாக வேண்டும். லாபமோ நஷ்டமோ, மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொன்னால் அது வியாபாரமே அல்ல. பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணத்தை ஒப்படைக்காதீர்கள்.

அல்லாஹ் நம் பொருளில் பரக்கத் செய்வானாக!