மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்

"தம்பி, பிரைம் எடுக்கவா, பிரீமியம் எடுக்கவா?" பெரியப்பா மகன் ஈப்போவில் ஒரு கார் ஷோரூமில் இருந்துகொண்டே எனக்குப் போன் செய்து கேட்ட கேள்வி இது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார். அண்ணி, இரண்டு பிள்ளைகள், பெரியம்மா என ஐந்து பேர். பழைய கார் சாலையில் இரண்டு முறை நின்றுவிட்டது. இனி மின்சாரக் கார்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் திருப்பிக் கேட்டது, "அண்ணா, காரை இரவில் எங்கே சார்ஜ் செய்வீர்கள்?" என்பதுதான். அண்ணன் பதில் சொல்லவில்லை. விற்பனையாளரும் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை.

வெளிநாடுகளில் சில நிறுவனங்களிடம் சக்கரம், இருக்கை, கண்ணாடிக் கூரை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து கார் செய்யச் சொல்லலாம். மலேசியாவில் பெரும்பாலும் அப்படி இல்லை. எல்லாம் ஒரே கட்டாக வரும். 2024 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 7 காரை எடுத்துக்கொள்வோம். பிரைம் வகையில் 49.52 கிலோவாட் மணி மின்கலம். அதிகாரப்பூர்வ சோதனையில் 345 கிலோமீட்டர். பிரீமியம் வகையில் 60.22 கிலோவாட் மணி, 410 கிலோமீட்டர். அறிமுகத்தின்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் 14,000 வெள்ளி. அந்தப் பணத்துக்குப் பெரிய மின்கலத்தோடு 19 அங்குல சக்கரமும் 16 ஒலிபெருக்கிகளும் சேர்ந்தே வருகின்றன. ஒலிபெருக்கி வேண்டாம், மின்கலம் மட்டும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. 2022 டிசம்பரில் வந்த பிஒய்டி அட்டோ 3 காரிலும் இதே கதைதான்: 345 கிலோமீட்டர் ஒன்று, 420 கிலோமீட்டர் ஒன்று, நடுவில் 18,000 வெள்ளி.

14,000 வெள்ளியை 9 ஆண்டுக் கடனில், ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியில் போட்டுப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 160 வெள்ளி. டியூஷன் கட்டணத்துக்கு ஆகும் பணம் அது. எனவே அந்தப் பெரிய மின்கலம் யாருக்குத் தேவை என்று பார்ப்போம்.

தாமானில் சொந்த வீடு, வாசலில் கார் நிறுத்தும் இடம், சுவரில் 7 கிலோவாட் சார்ஜர் என்று இருப்பவருக்குச் சிறிய மின்கலமே பெரும்பாலும் போதும். தினம் 60, 70 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவார், இரவில் மாட்டிவிட்டுத் தூங்குவார், காலையில் நிறைந்திருக்கும். வீட்டு மின்சாரம் ஒரு யூனிட் சுமார் 45 சென் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்கு 8 வெள்ளி அளவில் முடிந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் குறையும் நேரவாரித் திட்டத்துக்கு மாறினால் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியே இல்லாதவருக்குக் கணக்கு தலைகீழ். அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்களும் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பொது விரைவுச் சார்ஜர்களில் ஒரு யூனிட் 1 வெள்ளி 20 சென், அதற்கு மேலும் போகிறது. நூறு கிலோமீட்டருக்கு 20 வெள்ளியைத் தொட்டுவிடும். பூடி95 விலையில், லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்குப் பெட்ரோல் போடும் சாதாரணக் குடும்பக் காருக்கு அதே தூரத்துக்கு ஏறக்குறைய 14 வெள்ளிதான் ஆகும். மின்சாரக் கார் எப்போதும் மலிவு என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இவர்களுக்குத்தான் பெரிய மின்கலம் உதவும். வரிசையில் நிற்கும் தடவைகள் சற்றுக் குறையும்.

மூன்று முனை பிளக்கிலேயே சார்ஜ் செய்யலாமே என்று அண்ணன் கேட்டார். செய்யலாம். மணிக்கு ஏறக்குறைய 2 கிலோவாட் மணி ஏறும்; பத்து மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும் அளவு சேரும். ஆனால் பல மணி நேரம் தொடர்ந்து அவ்வளவு மின்சாரம் இழுப்பதைப் பழைய குடியிருப்பு வயர் தாங்குமா? உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்துச் சொல்லாமல் மாட்டக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது. சார்ஜர் பொருத்துவதென்றால் வீடு யாருடையதோ அவர் அனுமதியும் வேண்டும். அண்ணனுக்கு அது தோட்ட நிர்வாகம். அந்தச் செலவில் 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கோரலாம். 2027 வரி மதிப்பீட்டு ஆண்டு வரை இந்தச் சலுகை உண்டு.

இன்னொரு ஆசைக்காரச் செலவு 11 கிலோவாட் சார்ஜர். வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் இணைப்பு என்றால் அதை மாட்டினாலும் 7 கிலோவாட்தான் கிடைக்கும்.

அடுத்தது நெடுந்தூரம். நெடுஞ்சாலையில் 110 வேகத்தில், குளிர்சாதனம் போட்டு, ஐந்து பேரோடு போகும்போது சோதனைக் கணக்கில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள் என்பது என் கருத்து. பிரைமில் 260, பிரீமியத்தில் 305 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து பத்துமலை 220, 230 கிலோமீட்டர் இருக்கும். தைப்பூச நெரிசலில் 30 கிலோமீட்டர் மிச்சத்தோடு போய்ச் சேர்வதும், 80 கிலோமீட்டர் மிச்சத்தோடு போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. ஆனால் ஜொகூர் பாருவுக்குக் கோலாலம்பூரிலிருந்து போவதானால் 330 கிலோமீட்டர். எது வாங்கினாலும் வழியில் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் குடும்பம் ஆண்டுதோறும் போகும் மிக நீண்ட பயணம் எது என்று எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சக்கரத்தைப் பற்றித் தோட்டப்புறத்தார் கட்டாயம் கேட்க வேண்டும். சக்கரம் பெரிதாகும்போது டயரின் ரப்பர் உயரம் குறையும். செம்மண் சாலைக் குழிக்கு 18 அங்குலமே நல்லது, டயர் விலையும் குறைவு. பல மின்சாரக் கார்களில் ஸ்பேர் டயரே கிடையாது, ஒட்டும் மருந்தும் காற்றுப் பம்பும்தான். பக்கவாட்டில் கிழிந்தால் அந்த மருந்து உதவாது. பாமாயில் லாரி போகும் பாதையில் இரவு 9 மணிக்கு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடிக் கூரை படத்துக்கு அழகு. உள்ளே இழுத்து மூடும் திரை இருக்கிறதா என்று மதிய வெயிலில் உட்கார்ந்து பாருங்கள். காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி எனக்குப் பிடித்த ஒன்று. மின்தடை நாளில் மின்விசிறியும் விளக்கும் ஓடும், கோயில் திருவிழாவுக்கும் உதவும். அதற்கான இணைப்பான் காரோடு வருகிறதா, தனி விலையா என்று கேளுங்கள். கண்ணாடிக்கு டிண்ட், தரைவிரிப்பு, டேஷ்கேம் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அவற்றை "இலவசமாக"த் தருகிறேன் என்றால், அதற்குப் பதில் வீட்டுச் சார்ஜரைக் கேட்டுப் பேரம் பேசுங்கள். 2026 ஜனவரி முதல் மின்சாரக் கார்களுக்கும் சாலை வரி உண்டு. மோட்டாரின் சக்தியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதால் வேகமான வகைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பெரியம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். மின்கலம் தரைக்கு அடியில் இருப்பதால் பின் இருக்கையில் முழங்கால் சற்று மேலே தூக்கி நிற்கும் கார்கள் உண்டு. இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே பெரியவர் ஒருவர் உட்கார முடியுமா என்பது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது.

அண்ணன் இன்னும் முன்பதிவு செய்யவில்லை. வயரிங் மாற்ற அனுமதி கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அனுமதி கிடைத்தால் பிரைம், கிடைக்காவிட்டால் பெட்ரோல் காரே போதும் என்கிறார். அண்ணிக்கு மட்டும் அந்த 16 ஒலிபெருக்கிகள் மேல் இன்னும் ஒரு கண் இருக்கிறது.