அடுப்பு மாறினாலும் குக்கர் அதேதான்: பதுங்கரணில் டாங்கி பீரங்கியை அடையாளம் காண்பது எப்படி?

தூத்துக்குடி வீடுகளில் மீன்குழம்புக்கு மண்சட்டி, பருப்புக்குக் குக்கர். கைப்பிடி உடைந்த குக்கரை யாரும் வீசிவிடுவதில்லை. கொல்லையில் செங்கல் அடுப்பு கூட்டி, வெந்நீர் போட அதில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவமும் இப்படித்தான் செய்தது. பான்சர்–3 டாங்கியின் 50 மி.மீ. பீரங்கிகள் எதிரியின் புதிய டாங்கிகளுக்கு முன் பலமிழந்தபோது, அவற்றைக் கழற்றி, இரும்புத் தூணில் பொருத்தி, பிரான்ஸ் கடற்கரையில் கான்கிரீட் குழிகளுக்குள் நிறுத்தியது.

இன்று அப்படி ஒரு பீரங்கியைப் பார்த்தால் தூணும் கான்கிரீட்டும்தான் முதலில் கண்ணில் படும். அவை செங்கல் அடுப்பு மாதிரி, பிறகு வந்து சேர்ந்தவை. குக்கரை, அதாவது பீரங்கியை மட்டும் பார்ப்போம்.

1. வாய் அளவு. குழலின் உள்விட்டம்தான் காலிபர். 50 மி.மீ. என்று தெரிந்தால் 37, 75 மி.மீ. வகைகள் விலகிவிடும்.

2. உயரம். குழல் நீளத்தைக் காலிபரால் வகுக்க வேண்டும். 2.1 மீட்டர் என்றால் விடை 42, அது கே.டபிள்யூ.கே. 38 (டாங்கி பீரங்கி என்பதற்கான ஜெர்மன் சுருக்கம்தான் கே.டபிள்யூ.கே.). 3 மீட்டர் என்றால் 60; அது கே.டபிள்யூ.கே. 39. ஒரே வாய் அளவு, வேறு வேறு குக்கர்கள்.

3. கொள்ளளவு. குழலின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறை இருக்கிறது. நீளம் குறைந்த பீரங்கியின் தோட்டா உறை சுமார் 29 செ.மீ.; நீண்டதன் உறை சுமார் 42 செ.மீ. பெரிய உறையில் வெடிமருந்து அதிகம், குழலில் குண்டு தள்ளப்படும் தூரமும் அதிகம். அதனால் கவசம் துளைக்கும் குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 685 மீட்டரிலிருந்து 835 மீட்டராக ஏறியது. ஒன்றின் தோட்டா மற்றதற்குப் பொருந்தாது, வேறு குக்கரின் மூடி பொருந்தாததுபோல.

4. விசில். 60 காலிபர் நீளமும் அதே தோட்டா அளவும் கொண்ட இன்னொரு பீரங்கி உண்டு: சக்கரத்தில் இழுத்துச் செல்லும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியான பாக் 38. அதன் குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் வெளியேற்றி, பின்னுதைப்பைக் குறைக்கும் துளையுள்ள தடுப்பு இருக்கும். டாங்கி பீரங்கியின் முனை வெறுமையாக இருக்கும். டாங்கி பீரங்கி மின்பொறியால் சுடும். பாக் 38 ஊசி தட்டிச் சுடும்.

நார்மண்டியின் கூர்சூல் ஊர்க் கடற்கரையில் இத்தகைய 50 மி.மீ. டாங்கி பீரங்கி ஒன்று இன்றும் காட்சிக்கு நிற்கிறது.

இத்தாலியில் ஜெர்மானியர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பான்தர் டாங்கியின் கோபுரத்தையே தரையில் புதைத்த எஃகுப் பெட்டியின்மேல் ஏற்றினார்கள். 75 மி.மீ. வாய், 5.25 மீட்டர் குழல்; வகுத்தால் 70. 1944இல் அங்கே ஜெர்மானியரின் தற்காப்பு அரண்வரிசைகளான ஹிட்லர் கோட்டிலும் கோதிக் கோட்டிலும் அவை நின்றன.

அந்தக் கோதிக் கோட்டைத் தாக்கிய படைகளில் 4வது இந்திய டிவிஷனும் ஒன்று. அதில் மதராஸ் சாப்பர்ஸின் 12வது ஃபீல்டு கம்பெனி இருந்தது. கண்ணிவெடி அகற்றுவதும் பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் சாப்பர்களின் வேலை. தரைமட்டத்தில் ஒளிந்திருக்கும் நீண்ட குழல் எவ்வளவு தூரத்திலிருந்து டாங்கிகளை உடைத்தது என்று புரிந்தால்தான், அந்தப் பாதையை முன்னால் போய்த் திறந்தவர்களின் துணிச்சலும் நமக்குச் சரியாக விளங்கும். அளவுநாடா பிடித்து இந்தக் கணக்கைப் போடுவது அதற்காகத்தான்.