பிப் இன்ஸ்டால்: என்டர் தட்டும் முன்

புது ப்ராஜெக்ட். சீனியர் ஒரு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை அனுப்பி, "இதைப் போட்டுக்கோ" என்கிறார். பைதான் நூலகங்களை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். திரும்பி வருவதற்குள் முகம் தெரியாத பலர் எழுதிய நிரல்கள் நம் கணினியில் குடியேறியிருக்கும்.

அவை வருவது பைபிஐ என்ற பொதுக் கிடங்கிலிருந்து. கணக்குத் தொடங்கிய யாரும் அதில் பேக்கேஜை ஏற்றலாம். ஒருவர் படித்துப் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும் என்ற ஏற்பாடெல்லாம் கிடையாது. சில பேக்கேஜ்களில் உள்ள நிரல் நிறுவும்போதே ஓடிவிடும். நாம் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

2018 டிசம்பரில் அங்கே ஒரு பேக்கேஜ் ஏறியது. ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் பெயரேதான். சிறிய 'எல்' ஒன்றின் இடத்தில் பெரிய 'ஐ'. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கோடு. எஸ்எஸ்ஹெச், ஜிபிஜி சாவிகளைத் திருடிய அது, 2019 டிசம்பர் 1 அன்று ஒரு ஜெர்மன் நிரலாளர் கண்ணில் படும்வரை, ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே இருந்தது.

பெயரைச் சரியாக அடித்தவர்களும் தப்பவில்லை. பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தின் 'நைட்லி' (தினசரிச் சோதனை) பதிப்புக்குத் தேவையான டார்ச்ட்ரைட்டன் என்ற பேக்கேஜ் அந்தத் திட்டத்தின் சொந்தக் கிடங்கில் இருந்தது. அதே பெயரில் யாரோ பைபிஐயில் ஒன்றை ஏற்ற, பிப் அதையே எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் அதை நிறுவி இயக்கியவர்களின் கோப்புகள் வெளியே போயின.

"நான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில்தானே போடுகிறேன்" என்பார்கள். போட வேண்டியதுதான்; ஒரு ப்ராஜெக்ட்டின் பதிப்பு இன்னொன்றைக் கெடுக்காது. ஆனால் அது ஹாலுக்குள் கட்டிய திரைச்சீலை மாதிரி. உள்ளே ஓடும் நிரல் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் படிக்க முடியும். சந்தேகம் இருந்தால் தனி வெர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பாருங்கள்.

ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணோடு, பேக்கேஜின் கைரேகை போன்ற ஹாஷையும் சேர்த்துப் பூட்டினால், பேக்கேஜ் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் பிப் நிறுவ மறுக்கும். சாட்பாட் சொல்லும் பெயரை அப்படியே அடிக்காதீர்கள். இல்லாத நூலகங்களையும் அது கூசாமல் சொல்லும். அந்தப் பெயரில் வலைவிரித்து யாராவது காத்திருக்கலாம்.

மாட்டிக்கொண்டால் அன்இன்ஸ்டால் போதாது. சாவி ஏற்கெனவே போயிருக்கும். இணைய இணைப்பைத் துண்டித்து, வேறு கணினியிலிருந்து கடவுச்சொல், டோக்கன், கிளவுட் சாவி எல்லாவற்றையும் ரத்துசெய்து புதிதாக எடுங்கள். அலுவலகக் கணினி என்றால், திட்டு விழும் என்று மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அனுமதியின்றித் தரவை எடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

நூலகம் எழுதியவரிடம் இழப்பீடு கேட்கலாமா? எம்ஐடி போன்ற உரிமங்கள் 'உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை' என்று முதலிலேயே கைகழுவிவிடுகின்றன. பைபிஐயில் கணக்கு இருந்தால், அந்தப் பேக்கேஜின் பக்கத்திலேயே மால்வேர் என்று புகார் கொடுக்கலாம். சந்தேகமான வரி எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.