கலந்தாலும் கரையாத இசை



நமது திருமழிசை, திருச்சந்தவிருத்தம் பாடிய ஆழ்வார் பிறந்த ஊர். சந்தம் கெட்டால் பாட்டும் கெடும் என்பது இங்கு வாழும் நமக்குப் புதிதல்ல. அப்படியானால் ஒரு மரபின் பாடலை இன்னொரு மரபின் இசையோடு கலக்கலாமா?

வயலினை எடுத்துக்கொள்வோம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உருப்பெற்ற கருவி அது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றார் என்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து, அதை நம் பாட்டுக்குப் பணியச் செய்தார்கள். கருவி அயல்நாட்டுடையது, பேசும் மொழியோ நம்முடையது.

ஆனால் இரண்டு இசைமுறைகளைச் சேர்ப்பது இதைவிடக் கடினம். நம் இசை ஒரே மெட்டாக ஓடுவது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகமே அதன் உயிர். மேற்கத்திய இசையோ பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்கிறது. அசையும் சுரத்தின் அடியில் அசையாத சுரங்களை வைத்தால் இரண்டும் மோதும். இதற்கு வழி தேடியவர் வி.எஸ். நரசிம்மன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பில் வயலின் வாசித்தவர் அவர். பிறகு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' குழுவை அமைத்தார். கீர்த்தனையின் மெட்டு கமகத்தோடு ஒலிக்க, மற்றக் கருவிகள் அந்த இராகத்துக்கு இசைந்த சுரங்களால் அதைத் தாங்கின.

ஜாஸ் இசையிலும் நமக்குத் தெரிந்த ஒன்று உண்டு. கலைஞர் மேடையிலேயே புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பார். நம் கச்சேரியில் இதை மனோதர்மம் என்கிறோம். அங்கே சுரக்கோவைகளின் வரிசை எல்லை. இங்கே இராகமும் தாளமும் எல்லை. 1970-களில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோர் 'சக்தி' குழுவில் இணைந்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் உற்றுக் கேட்டதால்தான் அந்த இணைப்பு நிலைத்தது.

நம் ஆலயங்களுக்கு இதில் பாடம் உண்டு. தவக்காலத்தில் நம் பாட்டிமார் பாடிய பாடுகளின் புலம்பலைக் கீபோர்டின் பதிவுத் தாளத்தில் பாடினால் என்ன ஆகும்? இரண்டு சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் அந்த அழுகை கீபோர்டின் கட்டைகளில் எளிதில் வராது. மெட்டு நிமிர்ந்துவிடும், முதியவர்கள் மௌனமாகிவிடுவார்கள். மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபை மதிக்கச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1963). குழலும் யாழும் தெளிவாக ஒலிக்காவிட்டால் வாசிப்பது என்னவென்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார் தூய பவுல் (1 கொரி 14:7).

எனவே பாடகர் குழுவினர் பழைய பாடலை முதலில் முதியவர்களிடம் கேட்டு, கருவியின்றிப் பாடிப் பழகட்டும். பின்பு கருவி சேரட்டும், குரலைத் தாங்கும் அளவுக்கு மட்டும். புதியதை வரவேற்போம், ஆனால் நம் வீட்டில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவரின் குரல் அதில் கேட்கிறதா என்று சிந்திப்போம்.