வாக்குச்சீட்டு யாத்திரை – 12: நம்மாளு யாரு?

2022 ஜூலை 2, சனிக்கிழமை. ஹைதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் ஒரே நாளில் இரண்டு விருந்தாளிகள். முதலில் வந்தவர் யஷ்வந்த் சின்ஹா, எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர். தெலங்கானா முதல்வர் கே.சந்திரசேகர ராவ் அமைச்சர்கள் புடைசூழப் போய் வரவேற்றார். அங்கிருந்து ஹுசைன் சாகர் கரையிலுள்ள ஜலவிஹார் வரை பைக் ஊர்வலம், ரோஸ் நிறக் கொடிகள், ஆரவாரம். சில மணி நேரம் கழித்து அதே விமான நிலையத்தில் பிரதமர் மோடி இறங்கினார், பா.ஜ.க. தேசிய செயற்குழுக் கூட்டத்துக்காக. அவரை வரவேற்க முதல்வர் போகவில்லை. ஓர் அமைச்சரை அனுப்பிவைத்தார்.

அன்று சாலையோரம் நின்று ஊர்வலத்தை வேடிக்கை பார்த்த பொதுஜனத்தில் ஒருவருக்குக்கூட அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஓட்டு இருந்தவர்கள் தெலங்கானாவின் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்தான். அவர்களில் பெரும்பாலோர் ராவின் கட்சிக்காரர்கள், யாருக்குப் போடுவது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. பிறகு ஊர்வலம் யாருக்காக? என்னைக் கேட்டால், சின்ஹா அன்று ஒரு சாக்கு. மோடியை நேருக்கு நேர் எதிர்க்கிற ஆள் நான்தான் என்று சொந்த மாநிலத்துக்குக் காட்ட ராவுக்கு ஒரு மேடை தேவைப்பட்டது, ஜனாதிபதி தேர்தல் கிடைத்தது. பா.ஜ.க.வும் சும்மா இருக்கவில்லை. கோயாக்களும் கோண்டுகளும் லம்பாடிகளும் வாழ்கிற மாநிலத்தில், முதன்முதலாக ஒரு பழங்குடிப் பெண் ஜனாதிபதி ஆவதை முதல்வர் எதிர்க்கிறாரே என்று ஊர் ஊராகக் கேட்டது.

ஜூலை 18 வாக்குப்பதிவு. பக்கத்து ஆந்திராவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜெகன்மோகன் ரெட்டியும் சந்திரபாபு நாயுடுவும் ஒருவரை ஒருவர் கண்ணெடுத்தும் பார்க்காத காலம் அது. ஆனாலும் இரண்டு பேரின் கட்சிகளும் பா.ஜ.க. வேட்பாளர் திரௌபதி முர்முவுக்கே போட்டன. ஆந்திர சட்டமன்றத்தில் சின்ஹாவுக்குக் கிடைத்த ஓட்டு பூஜ்யம். எட்டு வருஷத்துக்கு முன்புவரை ஒரே மாநிலமாக இருந்தவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் சின்ஹா, அந்தப் பக்கம் முழுக்க முர்மு. இடைப்பட்ட எட்டு ஆண்டில் மக்களின் மனசு அப்படியொன்றும் மாறிவிடவில்லை. தலைவர்களின் கணக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

சென்ற வாரம் சென்னைக் கோட்டையில் நடக்கும் வாக்குப்பதிவைப் பார்த்தோம். இந்த வாரம் ஹைதராபாத்தில் நிற்கக் காரணம் இருக்கிறது. ஜனாதிபதி விஷயத்தில் "நம்மாளு" என்ற பேச்சு இந்த ஊரில் கொஞ்சம் அதிகம். ஜாகிர் உசேன் 1897-இல் பிறந்தது இங்கே. சஞ்சீவ ரெட்டி முதல்வராக இருந்து ஆண்டது இங்கே. அப்துல் கலாம் 1982-இல் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து பிரித்வி, அக்னி ஏவுகணைகளை உருவாக்கியது இங்கே, காஞ்சன்பாக்கில். போதாதற்கு, செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் ஜனாதிபதிக்கென்றே ஒரு மாளிகை, ராஷ்டிரபதி நிலையம். குளிர்காலத்தில் ஜனாதிபதி வந்து தங்கினால் அந்தப் பக்கம் போக்குவரத்தை மடக்கிவிடுவார்கள். 2023 முதல் மற்ற நாள்களில் பொதுமக்கள் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம்.

இவ்வளவு உரிமை கொண்டாடுகிற ஊருக்கு ஓட்டின் எடை என்ன?

ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஓர் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. ஒன்றுபட்ட ஆந்திராவில் அது 148. 2014-இல் மாநிலம் பிரிந்ததும் ஆந்திராவுக்கு 159, தெலங்கானாவுக்கு 132. தமிழ்நாட்டுக்கு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. இதெல்லாம் தெரிந்த கணக்கு. பலர் கவனிக்காதது, இதில் மக்கள்தொகை என்பது இன்றைய மக்கள்தொகை அல்ல. 1971 கணக்கெடுப்பில் எண்ணிய தலைகள்!

1971-இல் ஹைதராபாத்தும் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர். 2011-இல் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 67 லட்சத்துக்கு மேல். ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் திறந்தது 1998-இல்தான். மாதாப்பூர், கச்சிபௌலி என்று இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடமெல்லாம் 1971-இல் பாறையும் புதரும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போய் அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் அந்த 132-க்குள் இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ.வை அனுப்பலாம். அந்த எம்.எல்.ஏ. ஜனாதிபதிக்குப் போடும் ஓட்டில் எடையாக இருப்பவர்கள், இவர்கள் பிறப்பதற்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள்.

அநியாயம் என்று ஹைதராபாத்வாசி சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்து யோசித்தால் இதே ஏற்பாடுதான் நமக்குக் கவசம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலங்கள் அதனாலேயே டெல்லியில் இளைத்துவிடக் கூடாது என்றுதான் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் கணக்கை 1971-இல் நிறுத்திவைத்தார்கள். 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை இதுவே நீடிக்கும். வரப்போகும் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. முர்முவின் பதவிக்காலம் முடிவது 2027 ஜூலையில். எண்கள் எப்போது வெளியாகின்றன என்பதைப் பொறுத்து, அடுத்த தேர்தலுக்கோ அதற்கடுத்ததற்கோ 176-ம் 132-ம் மாறும். வடக்கே ஏறுகிற வேகத்தில் இங்கே ஏறாது. தொகுதி மறுவரையறை பற்றி இவ்வளவு பேசுகிறோம், இந்தப் பக்கத்தை யாரும் பேசக் காணோம்.

எடை போகட்டும், "நம்மாளு" விஷயத்துக்கு வருவோம்.

1967-இல் ஹைதராபாத்துக்கு இரண்டு நம்மாளுகள். ஒருவர் இந்த ஊரில் பிறந்த ஜாகிர் உசேன், காங்கிரஸ் வேட்பாளர். இன்னொருவர் கோகா சுப்பாராவ், ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். கோலக்நாத் தீர்ப்பைச் சொன்ன கையோடு பதவியை ராஜினாமா செய்துவிட்டு எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். ஜாகிர் 4,71,244, சுப்பாராவ் 3,63,971. மொழி, ஊர், மதம் என்று மக்கள் என்ன பேசியிருந்தாலும் ஓட்டு பெரும்பாலும் கட்சி போட்ட கோட்டில்தான் போனது.

கோடு அழிந்தது 1969-இல். ஜாகிர் உசேன் மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. எதிரே சுயேச்சையாக வி.வி.கிரி, ஒடிசா பெர்ஹாம்பூரில் பிறந்த தெலுங்கர், 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். சுதந்திரா, ஜனசங்கத்தின் ஆதரவோடு மூன்றாவதாக சி.டி.தேஷ்முக். தன் கட்சி வேட்பாளரையே இந்திரா காந்தி கைவிட்டு, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். நம் தி.மு.க. கிரி பக்கம். ஹைதராபாத்தோ அந்த வருஷம் தனித் தெலங்கானா கிளர்ச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. உஸ்மானியா மாணவர்கள் வீதியில் இருந்தார்கள், ஊரடங்கும் துப்பாக்கிச் சூடும் செய்தியாக இருந்தன. ராயலசீமாக்காரரான சஞ்சீவ ரெட்டி "தெலுங்கர்" என்பதற்காகத் தெலங்கானா மாணவர் மகிழ்ந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

முதல் சுற்றில் யாருக்கும் பாதி தாண்டவில்லை. தேஷ்முக் ஆதரவாளர்களின் இரண்டாம் விருப்ப ஓட்டுகளைப் பிரித்துச் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டாம் விருப்பம் வரை போய் முடிவான ஜனாதிபதி தேர்தல் இன்றுவரை அது ஒன்றுதான். சஞ்சீவ ரெட்டியை விதி எட்டு வருஷம் காக்கவைத்தது. 1977-இல் ஆந்திராவின் 42 மக்களவைத் தொகுதிகளில் ஜனதா கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம், அவர் நின்ற நந்தியால். அதே வருஷம் போட்டியின்றி ஜனாதிபதி ஆனார்.

2002-இல் இரண்டு பேருமே தமிழர்கள், ராமேஸ்வரத்துக் கலாமும் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியும். ஆனாலும் கலாமை ஹைதராபாத்தும் சொந்தம் கொண்டாடியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்த கலாமுக்கு வாஜ்பாயிடமிருந்து அழைப்பு வருவதற்கு முன்பே சந்திரபாபு நாயுடு போன் போட்டு, பிரதமர் பேசுவார், மறுத்துவிடாதீர்கள் என்று சொன்னதைக் கலாமே எழுதியிருக்கிறார். 9,22,884-க்கு 1,07,366. தெருவில் பேசியதும் பெட்டியில் விழுந்ததும் ஒன்றாக இருந்த அபூர்வத் தேர்தல்.

2012 வேறு ரகம். ஹைதராபாத் சட்டமன்றத்தில் பிரணாப் முகர்ஜிக்கும் சங்மாவுக்குமான வாக்குப்பதிவு. நாயுடுவின் தெலுங்கு தேசமும் ராவின் டி.ஆர்.எஸ்.ஸும் ஓட்டே போடவில்லை. அப்போது கடப்பா எம்.பி.யாக இருந்த ஜெகன், சஞ்சல்குடா சிறையிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பச் சிறைக்குப் போனார். காங்கிரஸை உடைத்துக்கொண்டு வெளியேறிய அவர் கட்சி ஆதரித்தது காங்கிரஸின் வேட்பாளரை!

இப்போது 2025-க்கு வருகிறேன். துணை ஜனாதிபதி தேர்தல்தான், எம்.பி.க்கள் மட்டுமே வாக்காளர்கள். ஆனால் "நம்மாளு" வாதத்தை இதைவிடக் கச்சிதமாகச் சோதிக்க முடியாது. ஆகஸ்ட் 17 அன்று பா.ஜ.க. கூட்டணி அறிவித்தது திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணனை. இரண்டு நாள் கழித்து 'இந்தியா' கூட்டணி அறிவித்தது ரங்காரெட்டி மாவட்டத்தில் பிறந்து, உஸ்மானியாவில் சட்டம் படித்து, சல்வா ஜூடும் தீர்ப்பைத் தந்த உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சுதர்ஷன் ரெட்டியை. தமிழருக்கு எதிரே தெலுங்கர். அதிலும் சி.பி.ஆர். 2024-இல் சில மாதங்கள் தெலங்கானா ஆளுநர் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்தவர்.

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கொங்கு ஆளு மாப்ள, ஜெயிக்கட்டுமே."

"நீங்க இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருஷம் ஆச்சு மாமா. ஜட்ஜுதான் உங்க ஊர்க்காரர்."

"அதுவும் சரிதான். ரெண்டு பேருமே நல்ல மனுஷங்கங்கறாங்க. நம்மகிட்ட ஓட்டு இல்லாதது நல்லதாப் போச்சு."

பெரியவருக்கு இருந்த தர்மசங்கடம் எம்.பி.க்கள் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்சிகள் அறிவித்த நிலைப்பாட்டின்படி தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் தெலுங்கர் பக்கம். ஆந்திராவின் 25 மக்களவை உறுப்பினர்களும் தமிழர் பக்கம். நாயுடு, ஜெகன், பவன் கல்யாண் மூவரும் ஒன்றாக நின்ற காட்சி அது. தெலுங்கு எம்.பி.க்கள் கட்சி பாராமல் ஒன்றுசேர வேண்டும் என்று தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி கேட்டார். அவருடைய மாநிலத்திலேயே 17 மக்களவை உறுப்பினர்களில் எட்டுப் பேர் பா.ஜ.க. ஹைதராபாத் எம்.பி. ஒவைசி மட்டும் "நம் ஹைதராபாத்காரர்" என்று சொல்லி நீதிபதியை ஆதரித்தார். ராவின் கட்சிக்கு மாநிலங்களவையில் நான்கு பேர். யூரியா தட்டுப்பாட்டில் விவசாயிகள் தவிக்கிறார்கள் என்று காரணம் காட்டி அவர்கள் ஓட்டுப் போடவே போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வெளியூர் வேட்பாளருக்காகப் பைக் ஊர்வலம் நடத்திய அதே கட்சி, சொந்த ஊர் வேட்பாளர் நிற்கும்போது ஒதுங்கிக்கொண்டது.

செப்டம்பர் 9: ராதாகிருஷ்ணன் 452, சுதர்ஷன் ரெட்டி 300, செல்லாதவை 15. எதிர்க்கட்சிகள் எதிர்பார்த்ததைவிட ரெட்டிக்குக் குறைந்தது, யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். செல்லாத 15-தான் எனக்கு வேடிக்கை. சீட்டில் சின்னம் கிடையாது, பெயருக்கு எதிரே எண் எழுத வேண்டும், அவ்வளவே. நம் ௧ என்ற தமிழ் எண்ணில்கூட எழுதலாம், 'ஒன்று' என்று எழுத்தில்தான் எழுதக் கூடாது. தேர்தல் ஆணையம் கொடுக்கிற ஊதா மைப் பேனாவும் அங்கேயே இருக்கும். சட்டம் இயற்றுகிறவர்களில் 15 பேருக்கு இது கைவரவில்லை, அல்லது கைவராததுபோல் காட்டிக்கொண்டார்கள்.

இந்தத் தேர்தல்களில் கொறடா உத்தரவு போட முடியாது. மாற்றிப் போட்டால் கட்சித் தாவல் சட்டம் பாயாது. வாக்கு ரகசியம். நாட்டில் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இதைவிடச் சுதந்திரமான ஓட்டு கிடையாது. அந்தச் சுதந்திரத்தை ஒருவர் பயன்படுத்தினால் அவரைத் துரோகி என்கிறோம், பயன்படுத்தாவிட்டால் ரப்பர் ஸ்டாம்ப் என்கிறோம். 2027-இல் ஹைதராபாத் சட்டமன்றத்தில் ரோஸ் நிறச் சீட்டைக் கையில் வாங்கப்போகும் 119 பேரில், கட்சி மாறிவிட்டார்கள் என்று வழக்குக்கு இழுக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். அவர்களை ஜெயிக்கவைத்த வாக்காளர் ராவின் கட்சிக்குப் போட்டவர். அந்த 132-ஐ அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று தொகுதியில் கேட்க ஆளில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை.

வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிக்கு சீல் வைத்து விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுபோவார்கள். 2022-இல் பெட்டிக்கென்று தனி டிக்கெட், பெயர் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்', முன்வரிசையில் அதிகாரிக்குப் பக்கத்து இருக்கை. மாநிலம் மாநிலமாகப் புறப்பட்ட அந்த மிஸ்டர்கள் எல்லாரும் நாடாளுமன்ற வளாகத்தில் ஒன்றுகூடினார்கள்.

அடுத்த வாரம் அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். 1969-இல் ஜெயித்த வி.வி.கிரி, பதவியில் இருக்கும் ஜனாதிபதியாகவே, தன் வெற்றியை எதிர்த்த வழக்கில் சாட்சி சொல்ல அங்கே நேரில் வந்தார். காரணம், எம்.பி.க்களிடையே சுற்றுக்கு விட்ட ஓர் ஆபாசத் துண்டுப்பிரசுரம்.

(தொடரும்)