சுடரின் வெப்பம் எங்கே பிறக்கிறது?

சூரியனில் ஒரு சுடர் வெடித்தால், சில நிமிடங்களிலேயே ஒன்று முதல் இரண்டு கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மா வளைவு வளைவாக நிரம்பிவிடுகிறது. கொரோனாவில் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது வெளிப்படும் ஆற்றலே இதற்குக் காரணம் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அப்படியென்றால் அங்கே ஏற்கெனவே இருந்த வாயுதான் சூடேறியது என்று நினைக்கத் தோன்றும். அடர்த்திக் கணக்கு அதற்கு இடம்கொடுப்பதில்லை. சுடர் வளைவுகளின் அடர்த்தி அமைதியான கொரோனாவைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு. அந்தக் கூடுதல் பொருள் கீழே, சுமார் 10,000 டிகிரியில் இருக்கும் நிறமண்டலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மேலே முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியே பாய்ந்திறங்கி அதில் மோதுகின்றன. கதிர்வீசித் தணித்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஆற்றல் குவிவதால் அது சூடேறி விரிந்து மேலெழுகிறது. 1980இல் ஏவப்பட்ட சோலார் மேக்சிமம் மிஷன் செயற்கைக்கோள், நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மா மேலேறுவதை நிறமாலைக் கோடுகளின் நீலப்பெயர்ச்சியில் பதிவுசெய்தது. வெர்னர் நியூபர்ட் 1968இலேயே இன்னொரு தடயத்தைக் காட்டியிருந்தார்: வேக எலக்ட்ரான்கள் உமிழும் மைக்ரோ அலைகளைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், அந்தக் கூட்டுத்தொகை மென் எக்ஸ் கதிர் ஏறும் விதத்தோடு பொருந்துகிறது. மோதல் காரணம், வெப்பம் விளைவு என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடைப்பது அரிது.

ஆனால் எல்லாச் சுடர்களும் இதற்குக் கட்டுப்படுவதில்லை என்பது நியாயமான மறுப்பு. 2002 ஜூலை 23 அன்று வெடித்த பெருஞ்சுடரை ரெஸ்ஸி விண்கலம் படமெடுத்தது. அதில் 4 கோடி டிகிரியைத் தாண்டிய பிளாஸ்மா, 2 கோடி டிகிரிப் பிளாஸ்மாவுக்கும் மேலே தனியாக இருந்தது. எலக்ட்ரான் தாக்குதல் உச்சம் அடையும் முன்பே அது அங்கே இருந்தது. கீழிருந்து ஏறிய பொருள் என்று இதைச் சொல்ல முடியாது. மறுஇணைப்பு நடக்கும் இடத்தின் அருகிலேயே சூடான கொரோனா வாயு இது என்றே கொள்ள வேண்டும். இதனால் முதல் விளக்கம் விழுந்துவிடவில்லை. சுடரில் இரண்டு அடுப்புகள் எரிகின்றன: பொருளின் பெரும்பங்கைத் தருவது கீழடுப்பு, உச்ச வெப்பத்தைத் தருவது மேலடுப்பு.

மேலடுப்பை நாம் இன்னும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். எக்ஸ் கதிர்த் தொடர்நிறமாலை காட்டுவது எலக்ட்ரான்களின் வெப்பநிலையை மட்டுமே. மறுஇணைப்பு அயனிகளை எலக்ட்ரான்களைவிட ஆறு மடங்குக்கும் அதிகமாகச் சூடாக்கும் என்றும், அவை 6 கோடி டிகிரியைத் தாண்டலாம் என்றும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ரஸ்ஸலின் குழு 2025இல் வாதிட்டது. சுடர்களின் நிறமாலைக் கோடுகள் எதிர்பார்த்ததைவிட அகலமாக இருப்பதற்குக் கொந்தளிப்பே காரணம் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அயனிகளின் வெப்பமே அதில் பெரும்பகுதியை விளக்கிவிடக்கூடும். மோதல்கள் இரண்டு வெப்பநிலைகளையும் உடனே சமன்செய்துவிடாதா என்று கேட்கலாம். அடர்ந்த வளைவுக்குள் விரைவில் செய்துவிடும். மேலே, மெல்லிய வாயுவில், துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. சமனாகப் பல நிமிடங்கள் பிடிக்கும். அந்த நிமிடங்களுக்குள் சுடரின் வேகமான கட்டமே முடிந்துபோகலாம்.